ஆறாவது போல்ட்

பேருந்தின் பின்சக்கரத்தில் பத்து நட்டுகள் இருந்தன. ஒவ்வொன்றின் மேலும் மஞ்சள் நிறத்தில் சின்னதாக ஒரு பிளாஸ்டிக் அம்பு. நட்டு தளர்ந்தால் அம்பின் முகம் திரும்பிவிடும். தள்ளி நின்று பார்த்தாலே தெரியும். பத்து நிமிடம் வண்டி நிற்கும் என்று டிரைவர் சொன்னதால் கீழே இறங்கிக் காலை நீட்டி நின்ற மெக்கானிக், சக்கரத்தைக் கண்டால் எண்ணும் பழக்கத்தில் எண்ணத் தொடங்கினார். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு, ஐந்து. ஆறு என்று சொல்ல வந்த வாய் அப்படியே நின்றது.

நேற்று பட்டறையில் நர்ஸ் சிஸ்டரின் காரில், இறுக்கிய போல்ட்டுகளின் மேல் ஐந்து கோடு போட்டது அவருக்கு நினைவிருந்தது. ஆறாவது கோடு நினைவில் இல்லை.

இருபத்தாறு வருடமாகப் பட்டறை வைத்திருப்பவர் அவர். ஊரில் அவருக்கு நிதானம் என்று பெயர். யார் வந்து எவ்வளவு அவசரப்படுத்தினாலும் "நிதானமா செய்வோம்" என்ற ஒரே பதில்தான் வரும் என்பதால் வந்த பெயர். எந்த இன்ஜினைத் திறப்பதற்கு முன்னாலும் ஒரு நொடி கண்ணை மூடிக் கடவுளிடம் இரண்டு வார்த்தை சொல்வார். பக்கத்தில் எலக்ட்ரிக்கல் வேலை பார்க்கும் அவருடைய மைத்துனன், மனைவியின் தம்பி, "மாமா மேலிடத்துல பர்மிஷன் வாங்கறாரு, கொஞ்சம் வெயிட் பண்ணுங்க" என்று வாடிக்கையாளர்களிடம் கிண்டல் செய்வான். அந்த மைத்துனனுக்கும் ஒரு பட்டப்பெயர் உண்டு. ஃபியூஸ். தொழிலும் அதுதான், சுபாவமும் அதுதான். சட்டென்று சூடாகிச் சட்டென்று அணைந்துவிடுவான்.

நிதானத்தின் பட்டறையில் ஒரு வழக்கம் இருந்தது. உள்ளே மறைந்துபோகும் போல்ட் எதுவானாலும், கடைசி இறுக்கு இறுக்கியதும் அதன் தலையிலிருந்து கீழே இருக்கும் இரும்புவரை மஞ்சள் நகப்பூச்சால் ஒரு கோடு இழுத்துவிடுவார். மகள் பள்ளியில் படித்தபோது வாங்கி, நிறம் பிடிக்கவில்லை என்று தூக்கிப்போட்ட பாட்டிலில் ஆரம்பித்தது. அதற்குப் பிறகு அதே நிறத்தில் எத்தனையோ பாட்டில் வாங்கிவிட்டார். கடைக்காரப் பெண் முதலில் சிரித்தாள், பிறகு பழகிவிட்டாள். கோடு இருந்தால் அந்த போல்ட்டின் வேலை முடிந்தது. இல்லை என்றால் முடியவில்லை. நினைவை நம்பக் கூடாது, கோட்டைத்தான் நம்ப வேண்டும் என்பார்.

நேற்று அந்தக் கோட்டுக்கு நடுவில்தான் ஃபோன் வந்தது.

சிஸ்டரின் கார் இருபது வருடப் பழசு. அவர் வீடு வீடாகப் போய்ப் படுக்கையில் கிடப்பவர்களுக்குப் புண் கட்டும் நர்ஸ். மலைமேல் குடியிருப்புகளுக்கு வாரத்தில் மூன்று நாள் ஏறி இறங்குவார். கிளட்சை விட்டு வண்டியை எடுக்கும்போதெல்லாம் குளிர்ஜுரம் வந்தவன்போல வண்டி முழுவதும் உதறுகிறது என்று கொண்டுவந்தார். கியர்பாக்ஸை இறக்கி, கிளட்ச் தட்டைக் கழற்றியதும் காரணம் கண்ணெதிரே இருந்தது. இன்ஜினின் முனையில் சுழலும் கனத்த இரும்புச் சக்கரமான ஃபிளைவீலின் முகம் முழுவதும் நீலநீலமாகச் சூட்டுப் புள்ளிகள், தலைமுடி போன்ற வெடிப்புகள், விரலில் தட்டுப்படும் பள்ளங்கள். முன்பே ஒருமுறை கடைசலில் கொடுத்துத் தேய்த்துச் சமன் செய்திருந்தார்கள். இன்னொரு முறை தேய்க்கக் கனம் இல்லை. சிஸ்டரை அழைத்துக் காட்டினார் நிதானம். சிஸ்டர் குனிந்து, ஒரு புண்ணைப் பார்ப்பதுபோல் பக்கவாட்டிலும் பார்த்துவிட்டு, "இனி இது தேறாதுன்னு சொல்றீங்க" என்றார். வளைவுக்கு வளைவு இடது காலைக் கிளட்ச் மேலேயே வைத்திருப்பீர்கள்போல என்று இவர் தயங்கித் தயங்கிச் சொன்னதும், தப்பு செய்த பிள்ளைபோல நாக்கைக் கடித்துக்கொண்டார்.

புது ஃபிளைவீலை ஏற்றி, ஆறு போல்ட்டையும், கழலாமல் பிடிக்கும் பசை தடவி, ஸ்பேனரால் கைப்பிடிப்பாக முறுக்கிவிட்டு, கடைசிச் சுற்றுக்கு டார்க் ரெஞ்சை எடுத்தார். சொன்ன அளவு இறுக்கம் வந்ததும் 'டக்' என்று சொல்லும் ரெஞ்ச் அது. ஒன்றுக்கு எதிரில் ஒன்று என்று மாற்றி மாற்றி இறுக்கி, ஒவ்வொரு டக்குக்கும் ஒரு கோடு. ஐந்தாவது கோடு போடும்போது மனைவி அழைத்தாள். வெளியூரில் மகளுக்கு இரண்டு நாளாகப் பிரசவ வலி. இரண்டு நாளாகப் பட்டறையில் யாரும் அவரிடம் சத்தமாகக்கூடப் பேசவில்லை.

"பொண்ணு பொறந்திருக்குங்க. அம்மாவும் குழந்தையும் நல்லா இருக்காங்களாம்."

அதற்குப் பிறகு நடந்தது எல்லாம் தெளிவாக நினைவிருந்தது. ஃபியூஸ் அவரைத் தூக்கி ஒரு சுற்றுச் சுற்றியது, கடைசல் கடைக்கும் டயர் கடைக்கும் இனிப்பு வாங்கிக்கொண்டு நடந்தது, டயர்கடைக்காரர் "தாத்தாவாயிட்டீங்க, இனிமே நிதானம் தானா வரும்" என்றது. திரும்பி வந்து கை கழுவிக் கிளட்ச் தட்டை ஏற்றினார், கியர்பாக்ஸைத் தூக்கி மாட்டினார். வாய் ஏதோ ஒரு பாட்டை முணுமுணுத்துக்கொண்டே இருந்தது. துக்கத்தில் கை தடுமாறும் என்று எல்லோருக்கும் தெரியும். அதனால் துக்கத்தில் கவனமாக இருப்போம். சந்தோஷத்தில் கை தடுமாறும் என்று யாரும் எதிர்பார்ப்பதில்லை. சாயங்காலம் சிஸ்டர் வந்து வண்டியை எடுத்தபோது அது ஒரு உதறலும் இல்லாமல் வழுக்கிக்கொண்டு போனது.

இப்போது அவர் பேருந்தின் ஓரத்தில் நின்று கண்ணை மூடி அந்த நொடிக்குத் திரும்பத் திரும்பப் போய்ப் பார்த்தார். ஒரு டக் காதில் கேட்டது. அது ஐந்தாவதுடையதா ஆறாவதுடையதா? ரெஞ்சைக் கீழே வைத்தபிறகு ஃபோனை எடுத்தாரா, ஃபோனை எடுத்தபடியே ரெஞ்சை வைத்தாரா? நினைவை அழுத்த அழுத்த அது இவர் சொன்னதற்கெல்லாம் தலையாட்டத் தொடங்கியது. இறுக்கியதாக நினைத்தால் இறுக்கியதுபோல் இருந்தது. இல்லை என்று நினைத்தால் இல்லை.

ஜன்னலோர இருக்கையில் இருந்து மனைவி கூப்பிட்டாள். மடியில் ஒரு பெரிய பை. பழைய பருத்தித் துணிகளைக் கொதிநீரில் அலசி, காயவைத்து, குழந்தைக்கென்று சின்னச் சின்னதாக மடித்து எடுத்துவந்திருந்தாள். விடியற்காலையிலிருந்து அந்தப் பையைக் கீழே வைக்கவில்லை.

"என்னங்க, மூஞ்சி ஏன் ஒரு மாதிரி இருக்கு?"

மேலே ஏறி அவள் பக்கத்தில் உட்காராமல் நின்றபடியே சொன்னார்.

"இறுக்கியிருப்பீங்க" என்றாள்.

"இருப்பேன்."

"அப்புறம் என்ன?"

"இருப்பேன்னுதானே சொல்ல வருது. இறுக்கினேன்னு சொல்ல வரலையே."

அவர் சிஸ்டருக்கு அழைத்தார். மணி அடித்து அடித்து நின்றது. வண்டி ஓட்டும்போது ஃபோனைப் பைக்குள் போட்டு ஜிப்பை மூடிவிடுவேன் என்று சிஸ்டர் பெருமையாகச் சொல்வது நினைவுக்கு வந்தது. மறுபடி அழைத்தார். இன்று வியாழக்கிழமை. மேல் குடியிருப்புக்குப் போகும் நாள். பதினான்கு வளைவு. ஒரு போல்ட் தளர்ந்தால் மற்ற ஐந்தும் கொஞ்ச நாள் தாங்கும், அது அவருக்குத் தெரியும். ஆனால் கொஞ்ச நாள் என்பது எத்தனை நாள் என்று எந்தப் புத்தகத்திலும் எழுதவில்லை. அவ்வளவு கனமான சக்கரம் வேகத்தில் கழன்றால் அதை மூடியிருக்கும் கூட்டை உடைத்துக்கொண்டு ஓட்டுபவரின் பாதத்துக்குத்தான் வரும். அதையும் ஒருமுறை பார்த்திருக்கிறார், வேறொருவர் பட்டறையில், தார்ப்பாயால் மூடி வைத்திருந்த வண்டியில்.

ஃபியூஸுக்கு அழைத்தார். அவன் முழுதும் கேட்டுவிட்டுச் சிரித்தான். பிறகு சிரிப்பை நிறுத்தினான்.

"மாமா, நீங்க போல்ட்ட விட்டீங்கன்னு சொன்னா அந்த போல்ட்டே நம்பாது. பேசாம போய் பேத்திய பாருங்க."

"நீ வேன எடுத்துட்டு மேல போ மாப்ள. அவங்கள வண்டிய எடுக்க விடாத. என் டூல்ஸ் எல்லாத்தையும் ஏத்திக்க, சின்ன ஜாக்கியும்."

"போறேன். போய் என்ன சொல்றது?"

"உள்ளத சொல்லு."

"மாமா, கொஞ்சம் யோசிங்க. சிஸ்டர் போகாத வீடு இல்ல. ஒரு வாய் சொன்னா பத்து வாய் சொல்லும். ஆயில் கசியுதுன்னு சொன்னா என்ன குறைஞ்சிடும்?"

"உள்ளத சொல்லு மாப்ள" என்று மறுபடியும் சொல்லிவிட்டு வைத்தார்.

டிரைவர் ஏறி ஹாரன் அடித்தார். சாலையின் எதிர்ப்பக்கம் திரும்பிப் போகும் பேருந்து ஒன்று புழுதியோடு வந்து நின்றது. மனைவி அதைப் பார்த்தாள், இவரைப் பார்த்தாள்.

"அவன்தான் போய் நிறுத்தப் போறானே. நாளைக்கு வந்து பிரிச்சுப் பாக்கலாமில்ல?"

"நாளைக்கு வரைக்கும் அந்தம்மா எப்படி வீடு வீடா போவாங்க? புண்ணு காத்திருக்குமா?"

"பேத்தி ஒரு தடவதான் புதுசா பொறப்பா" என்றாள். குரலில் கோபம் இருந்தது. அதைவிட அதிகமாக வேறு ஏதோ இருந்தது.

அவரால் நிற்கவும் முடியவில்லை, உட்காரவும் முடியவில்லை. இருக்கையின் கம்பியைப் பிடித்திருந்த கையின் கட்டைவிரல் தானாகத் தேய்த்துக்கொண்டே இருந்தது. அவள் கொஞ்ச நேரம் அந்த விரலையே பார்த்தாள். பிறகு பையைத் திறந்து, துணிகளுக்கு அடியிலிருந்து சாப்பாட்டு டப்பாவை எடுத்து அவர் கையில் திணித்தாள்.

"பொம்பள ஒருத்தி தனியா மலைல ஓட்டிட்டு இருக்கா. போங்க. அங்க வந்து இப்படிக் கம்பியத் தேய்ச்சிட்டு இருந்தா நான் உங்களப் பாக்கறதா, குழந்தையப் பாக்கறதா? ஃபோட்டோ அனுப்பறேன்."

"அந்த போல்ட்ட பாத்துட்டுதான் ஃபோட்டோவப் பாப்பேன்."

"சாமிகிட்ட பேரம் பேசாதீங்க. அது உங்க கடை வாடிக்கை இல்ல" என்றாள்.

திரும்பும் பேருந்தில் அவர் மூன்று முறை இடம் மாறி உட்கார்ந்தார். ஜன்னலோரம் காற்று அடித்தது, நடுவில் மூச்சு முட்டியது, முன்னால் உட்கார்ந்தால் டிரைவரின் இடது காலையே கண் பார்த்தது. பிரார்த்தனை செய்ய முயன்றார். வார்த்தை வரவில்லை, எண்தான் வந்தது. ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு, ஐந்து. அந்த எண்களே இன்றைக்குப் பிரார்த்தனையாக இருக்கட்டும் என்று விட்டுவிட்டார். அடிவாரத்தில் இறங்கும்போது ஃபியூஸின் அழைப்பு வந்தது. சிஸ்டர் மேலே பழைய கண்டக்டர் வீட்டில்தான் இருக்கிறார், கண்டக்டரின் கால் புண்ணைக் கட்டிக்கொண்டிருக்கிறார், வண்டி முற்றத்தில் நிற்கிறது, சாவியை வாங்கிவிட்டேன் என்று ஒரே மூச்சில் சொன்னான். நிதானம் ஒரு கடைப்படியில் உட்கார்ந்துவிட்டார். பிறகு மேலே போகும் பால் வண்டி ஒன்றில் கெஞ்சி இடம் பிடித்தார்.

முற்றம் சிமெண்ட் போட்டுச் சமமாக இருந்தது. மரநிழலில் காரும், அதை மறித்துப் பட்டறை வேனும் நின்றன. சிஸ்டர் வாசற்படியில் டீ டம்ளரோடு உட்கார்ந்திருந்தார். இவரைக் கண்டதும் எழுந்துவிட்டார்.

"அண்ணே, நீங்க நல்லாருப்பீங்க. ஒரு ஆயில் கசிவுக்கா பேத்தி முகத்தப் பாக்காம பாதி வழில எறங்கி ஓடி வந்தீங்க? உங்க மச்சான் சொன்னதும் எனக்கு அழுகையே வந்திடுச்சு. இந்தக் காலத்துல இப்படி ஒரு மனுஷன்."

நிதானம் ஃபியூஸைப் பார்த்தார். அவன் வேனின் கண்ணாடியைத் துடைக்கத் தொடங்கினான். அழுக்கே இல்லாத கண்ணாடி.

ஜன்னலுக்குள் கட்டிலில் சாய்ந்திருந்த பழைய கண்டக்டர் கம்பி வழியாகக் கையை நீட்டி வணக்கம் சொன்னார். முப்பது வருடம் பேருந்தில் கத்திய குரல் இன்னும் இறங்கவில்லை. "உன்ன மாதிரி மெக்கானிக் எங்க டிப்போல ஒருத்தன் இருந்திருந்தா என் முதுகெலும்பு இன்னும் நேரா இருந்திருக்கும்யா" என்றார். கண்டக்டரின் மருமகள் உள்ளேயிருந்து இவருக்கும் ஒரு டம்ளர் டீ கொண்டுவந்தாள்.

அந்த டீயைக் கையில் வாங்கிய நேரம்தான் அன்றைய தினத்தின் ஆகக் கடினமான நேரம். பேருந்தை விட்டு இறங்கியதுகூட இவ்வளவு கடினமாக இல்லை. கீழே சொல்ல வேண்டியது ஒரு தவறு மட்டும். இங்கே அந்தத் தவறின் மேல் ஒரு மாலையைப் போட்டு வைத்திருந்தார்கள். டீயைக் குடித்துவிட்டுக் கீழே படுத்துக் கியர்பாக்ஸை இறக்கி, அந்த ஒரு போல்ட்டைப் பார்த்து, தளர்ந்திருந்தால் இறுக்கி மூடிவிட்டால் போதும். வண்டியும் சரியாகிவிடும், பெயரும் இன்னும் பெரிதாகிவிடும். யாருக்கும் ஒரு நஷ்டமும் இல்லை. அவர் உள்ளுக்குள் அப்படியே ஒத்திகையும் பார்த்துவிட்டார். அந்த ஒத்திகையின் கடைசியில் தன் பேத்தியை மடியில் வைத்திருக்கும் தன்னைப் பார்த்தார். அதுதான் பொருந்தவில்லை. குழந்தை அவரையே பார்த்துக்கொண்டிருந்தது.

டம்ளரைப் படியில் வைத்தார்.

"ஆயில் எதுவும் கசியல சிஸ்டர். அவன் எனக்காகச் சொல்லியிருக்கான், அவனத் திட்டாதீங்க. உள்ள ஃபிளைவீல்ல ஆறு போல்ட். அஞ்ச இறுக்கினது தெரியும். ஆறாவத இறுக்கினேனா இல்லையான்னு எனக்குத் தெரியல. அந்த நேரத்துல குழந்த பொறந்துச்சுன்னு ஃபோன் வந்துச்சு. என் தப்பு. இறுக்காம இருந்தா உங்களுக்கு ஆபத்து."

சிஸ்டர் காரின் அருகே போய் அதன் முன்மூடியின் மேல் உள்ளங்கையை வைத்தார், ஜுரம் இருக்கிறதா என்று நோயாளியின் நெற்றியில் வைப்பதுபோல.

"காலைல வர்றப்ப ஸ்கூல் டீச்சருங்க ரெண்டு பேர ஏத்திட்டு வந்தேன்" என்றார் அங்கிருந்தே. "பஸ் வரலன்னு நின்னாங்க."

நிதானம் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

"எனக்குக் கோபம் வருதுண்ணே. அது வந்துட்டுப் போகட்டும். நீங்க வேலையப் பாருங்க."

கண்டக்டரை மூன்று மணிக்குள் மருத்துவமனையில் காட்ட வேண்டியிருந்தது. சிஸ்டர்தான் தன் காரில் அழைத்துப் போவதாக இருந்தது. ஃபியூஸ் முன்னால் வந்து, யார் முகத்தையும் பார்க்காமல், நான் கூட்டிப் போகிறேன் என்றான். வேனின் பின்னால் மெத்தையை விரித்து, கண்டக்டரைத் தானே தூக்கிப் படுக்க வைத்து, மருமகளை ஏற்றிக்கொண்டான். கிளம்பும்போது மாமாவின் பக்கத்தில் வந்து நின்றான்.

"நான் சொன்னதுல ஒரு கெட்ட எண்ணமும் இல்ல மாமா."

"தெரியும் மாப்ள. வளைவுல மெதுவா போ."

"போலாம் ரைட்" என்று உள்ளிருந்து கண்டக்டர் குரல் கொடுத்தார்.

சிஸ்டர் போகவில்லை. என் வண்டி, நான் பார்க்க வேண்டும் என்றார். நிதானம் வண்டியை உயர்த்தித் தாங்கிகளில் நிறுத்தி, அடியில் சாக்கை விரித்துப் படுத்தார். படுத்தபடியே ஒரு நொடி கண்ணை மூடினார். நேற்றுத் திறப்பதற்கு முன்னால் சொன்ன அதே இரண்டு வார்த்தைதான், இன்று அதைச் சொல்லக் கொஞ்சம் வெட்கமாக இருந்தது. பின்சக்கரத்துக்குப் போகும் நீள அச்சைக் கழற்றினார். கம்பிகள், வயர்கள், கூட்டைச் சுற்றியிருந்த போல்ட்டுகள் ஒவ்வொன்றாக வந்தன. நேற்று உற்சாகத்தில் எல்லாவற்றையும் நன்றாகவே மாட்டியிருந்தார். ஒன்றுகூடத் தளர்வில்லை. அது அவருக்கு ஆறுதலாக இருந்திருக்க வேண்டும். இருக்கவில்லை. இத்தனையும் சரியாகச் செய்தவன் அந்த ஒன்றை மட்டும் விட்டிருந்தால்?

கியர்பாக்ஸை ஜாக்கியின் மேல் இறக்கும்போது அது ஒரு பக்கமாகச் சாயத் தொடங்கியது. சாதாரணமாக அந்த நேரத்தில் ஃபியூஸ் மறுபக்கம் பிடிப்பான். சிஸ்டர் கேட்காமலே சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு அடியில் நுழைந்து தோளைக் கொடுத்தார்.

"கையால தூக்கக் கூடாதுண்ணே. உடம்போட சேத்து வெச்சுத் தூக்கணும். நூத்திப் பத்து கிலோ ஆள நான் ஒருத்தியா கட்டில் மாத்தியிருக்கேன்."

சேர்ந்து இறக்கினார்கள். கிளட்ச் மூடியைக் கழற்றினார். தட்டு தனியாக வந்தது. ஃபிளைவீலின் புது முகம் வெள்ளித் தாம்பாளம்போல் தெரிந்தது. ஒரு நாள் ஓட்டத்தில் லேசான வளையம் மட்டும் விழுந்திருந்தது. நடுவில் ஆறு போல்ட்டின் தலைகள். சிஸ்டர் தன் ஃபோனின் விளக்கை உள்ளே பிடித்தார். யாரும் சொல்லாமலே எண்ணத் தொடங்கினார். அவர் தொழிலிலும் அது உண்டு. ஆழமான புண்ணுக்குள் எத்தனை துண்டுத் துணி வைத்தோம் என்று வைக்கும்போதும் எண்ண வேண்டும், எடுக்கும்போதும் எண்ண வேண்டும்.

"ஒண்ணு. ரெண்டு. மூணு. நாலு. அஞ்சு."

ஆறாவதன் தலை வெறுமையாக இருந்தது.

நிதானம் ரெஞ்சை எடுத்தார். இறுக்கிவிட்டுக் கோடு மட்டும் போடாமல் விட்டிருக்கலாம். இன்னும் அந்த வழி திறந்தே இருந்தது. முதலில் கோடு போட்ட ஐந்தையும் சோதித்தார். போல்ட் அசையவில்லை, ஒவ்வொன்றும் உடனே டக் என்றது. ஐந்து டக். பிறகு ஆறாவதில் ரெஞ்சை மாட்டி மெல்ல இழுத்தார். ஒரு நொடி அது நின்றது. காய்ந்த பசை முறியும் சின்னச் சத்தம் கேட்டது. பிறகு போல்ட் நகர்ந்தது. விரல் நகத்தின் அகலம் இருக்கும், அதைவிடக் கொஞ்சம் கூடவும் இருக்கும். அதற்குப் பிறகுதான் டக் என்றது.

அடியில் இருட்டாக இருந்தது. ரெஞ்சின் கைப்பிடி எவ்வளவு நகர்ந்தது என்பது, பிடித்திருந்த கையைத் தவிர வேறு யாருக்கும் தெரியாது.

"இறுக்கமா இருந்துச்சா?" என்று கேட்டார் சிஸ்டர்.

"இல்ல சிஸ்டர். நகர்ந்துச்சு."

விளக்கு கொஞ்சம் ஆடியது. பிறகு நின்றது. சிஸ்டர் அதை அந்த போல்ட்டின் மேலேயே பிடித்திருந்தார். நிதானம் அதை முழுதும் கழற்றி எடுத்தார், மரையில் ஒட்டியிருந்த பழைய பசையைப் பிரஷால் தேய்த்தார், புதுப் பசை தடவித் திரும்ப ஏற்றினார். அவர் கை அவசரப்படவில்லை. முதலில் ஸ்பேனர். பிறகு ரெஞ்ச். டக்.

சட்டைப் பையில் அவருடைய ஃபோன் கிர்ரென்று அதிர்ந்தது. மதியத்திலிருந்தே விட்டுவிட்டு அதிர்ந்துகொண்டிருந்தது. அவர் கையைப் பார்த்தார். மணிக்கட்டு வரை கறுப்பு.

"பேத்தியா?" என்றார் சிஸ்டர்.

"அவ பாட்டி அனுப்பியிருப்பா."

சிஸ்டர் ஃபோனுக்குக் கை நீட்டவில்லை. நிதானத்தின் தலைமாட்டில், சாக்கின் மேல் நின்றிருந்த மஞ்சள் பாட்டிலை எடுத்தார். மூடியைத் திருகி, பிரஷின் நுனியில் அதிகமாக இருந்ததைப் பாட்டிலின் விளிம்பில் வழித்துவிட்டு, இவரைப் பார்த்தார். நிதானம் ஒதுங்கி இடம் கொடுத்தார். விளக்கு இப்போது அவர் கறுத்த விரல்களுக்கு மாறியது. சிஸ்டர் ஒருக்களித்துப் படுத்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு, போல்ட்டின் தலையிலிருந்து இரும்புவரை ஒரு கோடு இழுத்தார். மற்ற ஐந்தையும்விட நேராக இருந்தது.

"இப்ப ஃபோட்டோ பாக்கலாமா?" என்றார்.

"கொஞ்சம் இருங்க சிஸ்டர். கோடு காயட்டும்."

இரண்டு பேரும் வண்டிக்கடியில், சாக்கின் மேல், அப்படியே மல்லாந்து கிடந்தார்கள். வெளியே மரத்திலிருந்து ஒரு இலை முற்றத்து சிமெண்டில் உரசிக்கொண்டு போனது. அவர் நெஞ்சின் மேல் ஃபோன் மறுபடி அதிர்ந்தது, இந்தமுறை நிற்காமல். விளக்கின் வெளிச்சத்தில் ஆறாவது கோடு மட்டும் ஈரமாக மின்னிக்கொண்டிருந்தது.